கூலண்ட் தொட்டியில் மிதந்த ஐஸ்

வாருங்கள், ஓர் அநீதியைக் கண்கொண்டு காண வாருங்கள். தூத்துக்குடிப் புறவழிச் சாலையை ஒட்டி, உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தகரக் கூரைப் பட்டறைக்குள் என்னோடு நுழையுங்கள். கதவை அடுத்து நிற்பது கணினியில் ஓடும் கடைசல் எந்திரம். அதன் காலடியில் குனிந்து, சீவி விழுந்த உலோகச் சுருள்களைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறாளே ஒருத்தி, அவளைப் பாருங்கள். பெயர் இசக்கிச்செல்வி, ஊர் ஏரல். பாலிடெக்னிக்கில் படித்துத் தேறி, நேற்றுவரை அந்த எந்திரத்தை ஓட்டியவள். இன்று அதன் குப்பையை அள்ளுகிறாள்.

இவளை இந்த நிலையில் நிறுத்தியது யார்? குடிகாரனா? கொடியவனா? இல்லை, தோழர்களே. பெண்கள் எந்திரத்தில் நிற்க வேண்டும் என்று மகளிர் தினத்தில் மேடை ஏறி முழங்கியவன். இவளுக்குத் தன் வாயால் தொழில் சொல்லிக் கொடுத்தவன். பட்டறையின் உற்பத்திப் பொறியாளன், நாசரேத்துக்காரன், நேசக்குமார். அதோ, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். துடைப்பம் தரையில் உரசும் ஒலி கேட்கும்போதெல்லாம் அவன் கை நின்று போகிறது; பார்த்துக்கொண்டிருந்த வரைபடம் மங்கிப் போகிறது. ஏன் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டுமே தெரியும்.

நடந்தது இது.

மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிச் செல்லும் சிறிய சரக்குக் கப்பல் ஒன்று, பழைய துறைமுகத்தில் எஞ்சின் பழுதாகி நின்றது. புகை வெளியேறும் வாயை அடைக்கும் வால்வுகள் தீய்ந்துவிட்டன. புதியவற்றை நிக்கல் கலப்புலோகத்தில் கடைந்து தரும் வேலை இந்தப் பட்டறைக்கு வந்தது. அந்த உலோகத்தை இங்கே யாரும் அதற்கு முன் தொட்டதில்லை. "நம்மளால முடியும் அண்ணாச்சி" என்று முதலாளி அருமைநாயகத்திடம் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவன் நேசக்குமார்.

சாதாரண எஃகைப்போல எண்ணிவிடாதீர்கள் அதை. நெருப்பின் வாயிலேயே குடியிருந்து தாக்குப்பிடிக்கப் பிறந்த உலோகம் அது. வெட்டும்போது பிறக்கும் சூட்டைச் சுருளோடு வெளியேற விடாது. வெட்டுகிற சிறு பல்லான டிப்பின் நுனிக்கே திருப்பிக் கொடுக்கும். சூட்டில் டிப்பு மழுங்கும். மழுங்கிய டிப்பு வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடமோ முன்னைவிட இறுகி, அடுத்த டிப்பையும் தின்னும். இறுகிய அந்தத் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் பிறக்கும். இதைத் தடுக்கிற ஒரே காவல், வெட்டுமுனைமேல் அழுத்தத்தோடு பாயும் கூலண்ட். நீரும் எண்ணெயும் கலந்து பால்போல் வெளுத்த திரவம் அது. நீர் சூட்டைக் கொண்டுபோகும், எண்ணெய் உராய்வைக் குறைக்கும். இரண்டும் பிரிந்துவிட்டால் காவல் இல்லை. இத்தனையும் நேசக்குமார் படித்தவன்; பிறருக்குப் பாடம் எடுத்தவன்.

கத்திரி வெயிலில், கூலண்டைக் குளிர வைக்கும் சில்லர் படுத்துவிட்டது. அதன் தகடுகளை உப்புக் காற்று அரித்துத் தின்றிருந்தது. மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள். முதலாளி எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"கப்பல்காரன் காலைல இருந்து போன்ல கெடக்கான்வே. கூலண்ட் என்னடான்னா குளிக்கத் தோதா சுடுது. என்ன செய்யப் போறீரு?"

அடுத்த எந்திரத்தை ஓட்டும் ராமர் தலையை நீட்டினான். "இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கியளே, மொதலாளி. மீனுக்கு ஐஸ் போட்டுக் கொச்சி வரைக்கும் அனுப்புத ஊரு இது. ஒரு மெஷினுக்கு ஐஸ் போட மாட்டமா? மீன்பிடி துறைமுகத்துல ஐஸ் கட்டி அடுக்கி வச்சிருக்கான். ஒரு லோடு ஆட்டோ போதும்."

"ஆமாண்ணே" என்றாள் இசக்கிச்செல்வி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அப்பிடியே கொஞ்சம் நன்னாரி சர்பத்தும் ஊத்திருங்க. மெஷின் நாள்பூரா சிரிச்சிக்கிட்டே ஓடும்."

"ஏளா, ஒனக்கு எளக்காரமா இருக்கா? நீ வேணா பாரு, ஐஸ் போட்டா நெத்திலி மாதிரி துள்ளும் ஒன் மெஷினு."

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். சிரித்த முகத்தோடு எல்லோரும் நேசக்குமாரைப் பார்த்தார்கள். சரி என்று சொல்ல வேண்டியவன் அவன்.

மீனுக்குப் போடும் ஐஸ் உப்புச் சுவை கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் உறைந்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த உப்பு எண்ணெயை நீரிலிருந்து பிரித்துவிடும் என்று தெரியும். ஐஸ் உருக உருகக் கூலண்ட் நீர்த்துப் போகும் என்றும் தெரியும். குளிர்ச்சி வேறு, காவல் வேறு. ஒரே ஒரு சொல் போதும்: நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தினால், முடியும் என்று நெஞ்சு நிமிர்த்திய வாய் முடியாது என்று சொன்னதாகிவிடுமே! அந்த வாய் திறந்தது. "சரி, கொண்டு வாங்க" என்றது.

ஐஸ் பார்கள் வந்தன. ராமர் கடப்பாரையால் உடைத்துக் கொடுக்க, துண்டு துண்டாகத் தொட்டிக்குள் போட்டார்கள். வெப்பமானியின் முள் சரசரவென்று இறங்கியது. யாரோ கை தட்டினார்கள். முதலாளி எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். இசக்கிச்செல்வி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "ராமரண்ணே, ஒங்களுக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும்" என்றாள். நேசக்குமாரும் கலர் குடித்தான்.

மாலைக்குள் தொட்டியின் மேல் மஞ்சளாக ஒரு படலம் திரண்டது.

"சார், மேல ஆடை கட்டுன மாதிரி மெதக்குதே. பாத்தியளா?"

பார்த்தான். பிரிந்த எண்ணெய். "ஒண்ணுமில்ல. நீ ஓட்டு."

படலம் வடிகட்டியை அடைத்தது. கூலண்டின் அழுத்தம் தளர்ந்தது. டிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மழுங்கின. பெட்டியில் மிச்சமிருந்தவை சொற்பம். "புதுசு மாத்திரவா சார்?" என்று அவள் கேட்டபோது, "இதே டிப்பு இன்னும் ஒரு வால்வுக்குத் தாங்கும்" என்றான். தாங்காது என்று அறிந்தே சொன்னான். அவன் சொன்னதை அவள் செய்தாள். மற்ற வால்வுகள் எப்படியோ முடிந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். கடைசி வால்வில், கழுத்தைக் கடையும்போது டிப்பு வெடித்துச் சிதறியது. அந்த ஒரு வால்வில் மட்டும், கீறல் காட்டும் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினார்கள். வால்வின் கழுத்தைச் சுற்றி ரத்தக்கோடு போலச் சிவப்பு கசிந்து எழுந்தது.

முதலாளி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "யாரு கையிலவே போச்சு இது?"

இப்போது கவனியுங்கள். நேசக்குமார் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அந்நேரம் மெஷின்ல இசக்கிச்செல்விதான் நின்னா, அண்ணாச்சி."

அவ்வளவுதான். உண்மைதான். ஆனால் எந்தப் பொய்யும் செய்ய முடியாத வேலையை அந்த உண்மை செய்து முடித்தது.

"நான் அப்பமே சொன்னேன்லா? பொட்டப்பிள்ளையள மெஷின்ல நிறுத்தாதியன்னு. நீருதான் முன்னேத்தம் அது இதுன்னு பேசுனீரு." அவர் இசக்கிச்செல்வியின் பக்கம் திரும்பவும் இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பிள்ளை கூட்டிப் பெருக்கட்டும். பயிற்சிக்கு வந்த மத்த பிள்ளையள இனிமே வர வேண்டாம்னு சொல்லிரும். மெஷின ராமர் பாத்துக்கிடட்டும்."

"மத்த வால்வு?" என்றான் நேசக்குமார்.

"அதுல ஒண்ணும் தெரியலைல்லா? மினுங்குது. அனுப்பும். கெட்டுப்போனதுக்குப் பதிலா கப்பல்காரன் பழசுல நல்லதா ஒண்ணப் பொறுக்கிப் போட்டுக்கிடுவான்."

அனுப்பினார்கள்.

மறுநாள் மதியம், கை கழுவும் குழாயடியில் இசக்கிச்செல்வி அவனுக்காகக் காத்து நின்றாள். கையில் பனையோலைக் கொட்டான் ஒன்று.

"சார், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொல்லிராதிய."

"சொல்லு."

"டிப்பு ஒடையுததுக்குக் கொஞ்சம் முன்னால சத்தம் கீச்சுனு வந்துச்சு. பயந்துபோயி வேகத்தக் கொறச்சிட்டேன். நடுவெட்டுல கொறைக்கவே கூடாதுன்னு நீங்க படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கிய. அதனாலதான போச்சு?" அவள் கண் தரையை விட்டு எழவில்லை. "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் மொதலாளிட்ட நீங்க சொல்லல. சொல்லியிருந்தா என்னய வீட்டுக்கே அனுப்பியிருப்பாவ. மத்த பிள்ளையளுக்கும் என்னாலதான் வேல போச்சு. அவளுவ மொகத்துல எப்பிடி முழிப்பேன்னு தெரியல." கொட்டானை நீட்டினாள். "சில்லுக்கருப்பட்டி. வீட்ல பிள்ளையளுக்குக் குடுங்க."

அவள் வேகத்தைக் குறைப்பதற்கு வெகுமுன்பே அந்த வால்வு கெட்டுப்போயிருந்தது. டிப்பு செத்துப்போயிருந்தது. கொன்றவன் அவள் எதிரே நின்றான். இல்லையம்மா, உன் தவறில்லை என்று சொல்ல அங்கே தடை என்ன? முதலாளி இல்லை. ராமர் இல்லை. ஒரு குழாயும் அவளும் மட்டுமே. நேசக்குமார் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதுபோல ஆட்டினான். கொட்டானை வாங்கிக்கொண்டான்.

ஐஸுக்குச் சரி சொன்னது முதல் குற்றம். அந்தத் தலையாட்டலோ அதனினும் பெரிது.

மில்லர்புரத்து வீட்டில் அவன் மனைவி ஜெயஷீலா, பள்ளி ஆசிரியை, கொட்டானைப் பிரித்தாள். சுக்கு மணம் எழுந்தது.

"யாரு குடுத்தது?"

"பட்டறையில ஒரு பிள்ளை."

"எந்தப் பிள்ளை? நீங்க மேடைல பேருசொல்லி எழும்பி நிக்கச் சொன்னியளே, அந்த ஏரல் பிள்ளையா? எப்பிடி ஓட்டுதா?"

"இப்போ ஓட்டல."

"ஏன்?"

அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான். பிறகு மாட்டிய சட்டையையே மறுபடி எடுத்து மடித்தான். ஜெயஷீலா ஒரு துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"தின்னுங்க. நல்லாருக்கு."

"எனக்கு வேண்டாம்."

"ஒங்களுக்குப் பிடிக்குமே."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா!" என்று கத்தினான். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. ஜெயஷீலா அந்தத் துண்டைத் திரும்பக் கொட்டானில் வைத்து மூடினாள்.

"நீங்க என்னமோ செஞ்சிருக்கிய" என்றாள் மெதுவாக. "அந்தப் பிள்ளைக்கு."

அவன் சொன்னான். முதன்முதலாக, தொட்டியில் விழுந்த முதல் ஐஸ் துண்டிலிருந்து கடைசித் தலையாட்டல்வரை. சொல்லும்போதுதான் மற்றொன்றும் அவன் முன்னால் வந்து நின்றது. அனுப்பிய வால்வுகள் எல்லாமே ஐஸ் விழுந்த பிறகு கடைந்தவை. உப்புத்தாள் பளபளப்பைக் கொடுக்கும், கீறலை எடுக்காது. நடுக்கடலில் ஒரு வால்வின் தலை முறிந்து எஞ்சினுக்குள் விழுந்தால்?

காலையில், சாயக் குப்பிகளோடு பழைய துறைமுகத்துக்குப் போனான். கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் படிந்த பனியனோடு நின்றார் எஞ்சின் பொறுப்பாளர் சிலுவை. திரேஸ்புரத்துக்காரர், கடலிலேயே நரைத்தவர். வால்வுகளில் பாதியைப் பொருத்திவிட்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க! என்னா மினுக்கு, என்னா மினுக்கு! இதுல மொகம் பாத்து மீசை வெட்டலாம்போல."

"அண்ணாச்சி, அதக் கழத்துங்க."

"என்னத்த?"

"எல்லாத்தையும். போட்டதையும் கழத்துங்க."

"வெளையாடுதியளா? நாளைக்குச் சரக்கு ஏத்துதோம்."

நேசக்குமார், பொருத்தாமல் கிடந்த ஒன்றை எடுத்துச் சாயம் பூசினான். காத்திருந்தான். துடைத்தான். பொடி தூவினான். வெள்ளைக்குள்ளிருந்து, கழுத்தைச் சுற்றி, மெல்லிய சிவப்பு நூல் ஒன்று ஊறி வந்தது. சிலுவை விளக்கை அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பீப்பாயின்மேல் உட்கார்ந்துகொண்டார். நேசக்குமார் நின்றபடியே ஐஸ் கதையைச் சொல்லி முடித்தான்.

"எங்கப்பா சங்கு குளிக்கப் போனவரு, தம்பி" என்றார் சிலுவை. "அடியில ஆளு கெடக்கும்போது, மேல வள்ளத்துல கம்ப்ரஸர் பக்கத்துல இருக்கவன் பீடி பத்த வைக்க மாட்டான். அந்தப் பொக கொழாய் வழியாக் கீழ போயிரும்னு. மூச்சு விடுதவன் கீழ இருக்கான். அது நல்ல காத்தா கெட்ட காத்தான்னு மேல இருக்கவனுக்குத்தான் தெரியும்." அவர் ஸ்பேனரை எடுத்தார். "மெஷின்ல நின்னது யாரு?"

"ஒரு பிள்ளை. அவமேலதான் பழி விழுந்திருக்கு."

"அது ஒங்க தப்புன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ எங்கிட்ட வந்து எதுக்கு நிக்கிய? என் எஞ்சினக் காப்பாத்திட்டிய, சந்தோசம். கெட்ட காத்து குடிச்சவ அங்கனல்லா கெடக்கா. போங்க."

சிவப்பு நூல் சுற்றிய வால்வைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். சாப்பாட்டு வேளை, எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. முதலாளி, ராமர், மற்றத் தொழிலாளர் எல்லோரும் இருந்தார்கள். இசக்கிச்செல்வி சுருள்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். வால்வை மேசைமேல் வைத்துவிட்டு அவன் சொன்னான்.

"இது அன்னைக்கு நீங்க பாத்த வால்வு இல்ல. நாம நல்லதுன்னு அனுப்புனது. எல்லாமே இப்பிடித்தான் இருக்கும். இசக்கிச்செல்வி செஞ்ச தப்பு ஒண்ணுமே இல்ல. ஐஸ் போட்டா கூலண்ட் கெடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னேன். மழுங்குன டிப்ப மாத்தாதன்னும் நான்தான் சொன்னேன்."

"சார், ஐஸ் யோசன என்னுதுல்லா..." என்று ராமர் தடுமாறினான்.

"யோசன ஒம்முது. ஒமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

இசக்கிச்செல்வி மெல்ல நிமிர்ந்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். ஆம், அதைக்கூட எதிர்பார்த்திருந்தான்!

"அப்போ நேத்துக் கொழாயடில நான் அம்புட்டையும் சொல்லும்போது ஏன் சார் தலைய ஆட்டுனிய?"

நேசக்குமார் மேசைமேல் கிடந்த வால்வைத் துணியால் இழுத்து மூடினான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிவே, தப்பு ஒம்முது. வால்வ மறுபடியும் செஞ்சு குடுப்போம். ஒம்ம கணக்க அப்பறம் பேசுவோம். ஆனா மெஷின்ல இனிமே பொம்பளப் பிள்ளையள் வேண்டாம். அது வேற, இது வேற."

"எப்பிடி அண்ணாச்சி வேற? அவ வால்வக் கெடுத்தான்னு சொல்லித்தான எறக்குனிய?" என்றான் நேசக்குமார்.

"ஒருதடவ எறக்குனா எறக்குனதுதான். மறுபடி ஏத்துனா ஊருக்குள்ள என்னய என்னான்னு சொல்லுவான்?" என்று சொல்லிவிட்டு அவர் தம் அறைக்குள் போனார்.

கேட்டீர்களா? பழி பொய் என்று நிரூபணமாயிற்று. தண்டனை மட்டும் அப்படியே நிற்கிறது!

இசக்கிச்செல்வி துடைப்பத்தை எந்திரத்தின்மேல் சாத்தி வைத்தாள். ராமர் பதறினான். "ஏளா, எங்க போற?"

"வாசலுக்கு. மெஷினுக்குன்னா மொதலாளி கூப்பிடட்டும், வாரேன். கூட்டுததுக்குன்னா இனிமே இல்ல." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளையளுக்கும் போன் போடுதேன். எங்கமேல தப்பில்லன்னு அவளுவளும் தெரிஞ்சிக்கிடணும்ல."

வாசலில், காவலாளியின் பெஞ்சில் போய் அமர்ந்தாள். நேசக்குமார் பின்னாலேயே வந்தான். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கேட்கவும் அவனுக்கு உரிமை இல்லை. வெயிலில் நின்றான். ராமர் அந்த எந்திரத்தின் விசையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே நின்றான். மாலைக்குள், வேலையிழந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து அந்தப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நீங்கள் துடைப்பத்தோடு பார்த்தவள் இன்று அங்கேதான் இருக்கிறாள். அவனும் அங்கேதான் நிற்கிறான். வெந்தும் தீராத குற்றத்தோடு.

படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் பக்கத்தை மூடாதீர்கள்! உங்கள் ஊரிலும் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கும் ஒருத்தியின் கையில் துடைப்பம் இருக்கிறது. இன்றே போங்கள். எந்திரத்தில் நின்றது யார் என்று கேட்காதீர்கள். அதன்மேல் எதைப் பாய்ச்சச் சொன்னது யார் என்று கேளுங்கள். விடை வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள். உங்கள் வாயிலேயே அந்த விடை இருக்குமானால், இன்னொரு தலையாட்டலுக்குமுன் அதைச் சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காதீர்கள். அவளை எந்திரத்தில் ஏற்றுங்கள்!